கால்வாய்க்கரை மனையில் ஆபீஸ் கட்டுகிறவர்களுக்கு

பழைய மகாபலிபுரம் சாலையில் காரப்பாக்கம், சோழிங்கநல்லூர் பக்கம் ஆபீஸுக்கென்று வரும் மனைகளில் பல ஒரே வாகில் இருக்கும். மேற்கே சாலை, கிழக்கே பக்கிங்காம் கால்வாய், நடுவில் ஒல்லியாக நீண்ட நிலம், அடியில் களிமண். வாங்கியவர் முதலில் கேட்பது, “எல்லா மாடியிலயும் தண்ணி தெரியணும் சார்” என்பதுதான். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். தரைமட்டம் முடிவாகாமல் பிளான் வரையவே கூடாது.

ஓதம் ஏறி இறங்கும் நீர்நிலை என்றால் கால்வாய்க்கும் கடலோர ஒழுங்குமுறை மண்டல (சி.ஆர்.இசட்.) விதி உண்டு. எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே மற்ற வேலை.

இனி தரைமட்டம். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். மண் பரிசோதனையை மே மாதத்தில் முடித்துவிட்டு, அப்போது தெரிந்த நிலத்தடி நீர்மட்டத்தையே நம்பி அஸ்திவாரக் கணக்குப் போடுகிறார்கள். அது கோடையின் தாழ்ந்த மட்டம். மண் பரிசோதனைத் துளையை மூடும் முன் ஓட்டை போட்ட பி.வி.சி. குழாய் ஒன்றை அதில் இறக்கி வையுங்கள். வாட்ச்மேனே வாரம் ஒருமுறை நாடாவை விட்டு அளந்து நோட்டில் எழுதிவிடுவார். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அளவு கைக்கு வரும்வரை பொறுக்கத்தான் வேண்டும்.

அடுத்து வெள்ளத் தடம். 2015, 2023 டிசம்பர்களில் தண்ணீர் எதுவரை வந்தது என்று டீக்கடை அக்காவிடம் கேளுங்கள், பக்கத்துச் சுவரின் கறையையும் பாருங்கள். “முழங்கால் வரைக்கும்” என்பதை மட்டும் குறித்துக்கொண்டு வந்தால் பிரயோஜனம் இல்லை. சர்வேயரைக் கூடவே அழைத்துப்போய், அந்த இடத்தின் லெவலை எடுத்து, உங்கள் மனையின் லெவலோடு சேர்த்துப் பாருங்கள். மழைக் கணக்கு மட்டும் போதாது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் வெள்ளம் ஒக்கியம் மடுவு வழியாக இந்தக் கால்வாயில் இறங்கி, தெற்கே முட்டுக்காடு முகத்துவாரம் போய்த்தான் கடலில் சேர வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது கடல் மட்டமே உயர்ந்து நின்றதால் வெள்ளம் வடிய வழியில்லாமல் நாள்கணக்கில் தேங்கியது.

மட்டம் தெரிந்ததும் கான்ட்ராக்டர் சொல்வார்: “மண்ணைக் கொட்டி ரோட்டுக்கு மேல ஏத்திடலாம்.” கூடவே கூடாது. ஒரு ஏக்கரை ஒரு மீட்டர் உயர்த்தினால் 40 லட்சம் லிட்டர் தண்ணீர் நிற்க இருந்த இடம் போய்விடும்; அது அடுத்த தெரு வீடுகளுக்குள் போகும். நமக்கும் நல்லதில்லை. கொட்டிய மண்ணின் பாரத்தில் களிமண் வருஷக்கணக்கில் அமுங்கும். பைல் மேல் நிற்கும் கட்டடம் அசையாது, சுற்றியுள்ள தரை இறங்கும். வாசல் சாய்தளத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே வாய் பிளக்கும்; கழிவுநீர்க் குழாய் சுவரைத் தாண்டும் இடத்திலேயே முறியும். நிலத்தை இருக்கிறபடி விட்டு, கட்டடத்தைத் தூண்களின் மேல் தூக்குங்கள். வண்டிகள் கீழே நிற்கட்டும். குழாய்களை மண்ணில் புதைக்காமல் ஸ்லாபின் அடியில் தொங்கவிடுங்கள். வெளியேறும் இடத்தில் வளைந்துகொடுக்கும் இணைப்பு போடுங்கள்.

பேஸ்மென்ட் வேண்டவே வேண்டாம். நீர்மட்டத்துக்கு மூன்று மீட்டர் கீழே போனால், ஒவ்வொரு சதுர மீட்டரையும் தண்ணீர் மூன்று டன் விசையோடு மேலே தள்ளும். மேல்மாடிகளின் பாரம் ஏறும் முன் நீரை இறைக்கும் பம்பை நிறுத்தினால் முழுப் பெட்டியும் மிதக்கப் பார்க்கும். குழி தோண்டுவதே இந்த மண்ணில் ஆபத்து. 2023 மழையில் வேளச்சேரியில் கட்டுமானக் குழி சரிந்து இரண்டு பேர் இறந்தார்கள். கார் நிறுத்தும் இடத்துக்காக இந்த ஆபத்தை யார் தலையிலும் வைக்க நமக்கு உரிமை இல்லை.

பேனல் ரூம், ஜெனரேட்டர், யு.பி.எஸ். எல்லாம் முதல் மாடிக்கு. டிரான்ஸ்பார்மர் எண்ணெய் இல்லாத டிரை டைப்பாக இருக்கட்டும். சாக்கடை இணைப்பில் தண்ணீர் திரும்பி ஏறாதபடி வால்வு.

இப்போது தண்ணீர் தெரிகிற விஷயத்துக்கு வரலாம். எல்லாரும் குறை சொல்லும் அந்த ஒல்லி மனை, வெயிலுக்கு வரம். நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கின்றன. கிழக்கும் மேற்கும் குறுகியவை. வேலை செய்யும் மேசைகளை வடக்கு, தெற்கு ஜன்னலோரம் போடுங்கள். மேற்கு முகத்தில் படிக்கட்டு, லிப்ட், கழிப்பறை. கால்வாய் பார்த்த கிழக்கில் முழுக் கண்ணாடி கேட்பார்கள். காலை வெயில் தாழ்வாக நேரே பாய்வதால் மேலே சன்ஷேடு போட்டுப் பயனில்லை. நிமிர்ந்த தடுப்புகளை வடகிழக்காகவோ தென்கிழக்காகவோ சாய்த்து வையுங்கள், தண்ணீரும் தெரியும். மேசைகளுக்குப் பதில் சாப்பாட்டு அறை அங்கே வரட்டும். எல்லாரும் வந்து பார்ப்பார்கள். வடக்குக்கு நிழல் தேவையில்லை என்பது சென்னைக்குப் பொருந்தாது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கிறது. சின்னதாகவாவது சன்ஷேடு போடுங்கள்.

மழைநீரைக் குழிவெட்டி இறக்குவது மழைநீர் சேகரிப்பு விதிக்கு உதவும், ஆனால் நீர்மட்டம் மேலேயே உப்பாக நிற்கும் இடத்தில் இறக்கியதைத் திரும்ப எடுக்க முடியாது. மொட்டைமாடி நீரைத் தொட்டியில் பிடியுங்கள். நிலத்தடி நீர் உப்பாக இருப்பதால் சிமென்ட் இரும்பு ஆலைக் கசடு கலந்த வகையாக இருக்கட்டும். உப்பையும் தாங்கும், கரியமில வாயு வெளியேற்றமும் குறையும். கம்பிக்கு மேல் கான்கிரீட் மூடல் 45 மில்லிமீட்டருக்குக் குறையவே கூடாது. கான்கிரீட் போடும் காலையில் கவர் பிளாக்கைக் கையால் தொட்டுப் பாருங்கள்.

காம்பவுண்டு சுவரின் கீழ் ஒரு மீட்டர் கம்பி அழியாக இருக்கட்டும். வெள்ளம் உள்ளே வந்து, அதே வழியாக வெளியே போய்விடும்.