மெல்லொலியைக் கேட்கும் வழி

திருவிழாக் கூட்டத்தில் தொலைவில் நிற்கும் நண்பன் நம்மை அழைக்கின்றான். அவன் குரல் நம் செவியை எட்டாமல் இல்லை. சுற்றிலும் எழும் பேரிரைச்சலில் அது அமிழ்ந்துவிடுகின்றது. அப்போது நாம் செய்வது யாது? உள்ளங்கையைச் செவியருகே குவித்து, அவன் நிற்கும் பக்கமாகத் திரும்புகின்றோம். பிற திசைகளின் ஆரவாரம் சற்றே தணிகின்றது, குரல் தெளிகின்றது. வானொலி அலைகளைக் கேட்போரும் ஏறக்குறைய இதனையே செய்கின்றனர்.

ஊதியம் கருதாது, ஆர்வம் ஒன்றே காரணமாகத் தம் இல்லங்களில் வானொலிக் கருவி அமைத்து உரையாடுவோரை அமெச்சூர் வானொலியார் என்பர். 1920-ஆம் ஆண்டையொட்டி, 200 மீட்டர் அளவிலான அலைகளையே அவர்கள் கையாண்டனர். நெடுந்தொலைவுக்கு அவை பயன்படா என்பது அந்நாளைய எண்ணம். 1921 பிப்ரவரியில், அட்லாண்டிக் கடலைக் கடந்து குறிகளை அனுப்பும் முதற் சோதனை நடைபெற்றது. அமெரிக்கர் அனுப்பிய குறி ஒன்றேனும் பிரிட்டனில் கேட்கவில்லை. குறை அலையிலா, கேட்கும் முறையிலா?

இதனை அறிந்து வருமாறு அமெரிக்க அமெச்சூர்கள் பால் காட்லி என்பவரைக் கடல் கடந்து அனுப்பினர். அவர் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள ஆர்ட்ராசன் என்னும் ஊரில், டிசம்பர்க் குளிரிலும் மழையிலும், வயல்வெளியில் கூடாரம் அடித்துத் தங்கினார். அவர் நிறுவியது வானளாவிய கோபுரம் அன்று. தரையினின்று 12 அடி உயரத்தில், ஏறக்குறைய 1,300 அடி நீளத்திற்கு இழுத்துக் கட்டிய ஒரே கம்பி! ஹெரால்டு பெவரேஜ் என்னும் பொறியியலார் கண்ட ஏரியல் அது. அமெரிக்காவை நோக்கிய அதன் முனை, மின்தடை ஒன்றின் வழியே தரையோடு இணைக்கப்பட்டிருந்தது. மேற்கிலிருந்து வரும் அலை கம்பி நெடுகிலும் வலுப்பெற்றுக் கருவியை அடையும். எதிர்ப்புறத்து அலையோ மின்தடையிற் சென்று அடங்கும். அம்மாதத்திலேயே இருபதுக்கும் மேற்பட்ட அமெரிக்க நிலையங்களைக் காட்லி கேட்டார். கனெக்டிகட் மாநிலத்திலிருந்து ஒரு கிலோவாட்டுக்கும் குறைந்த ஆற்றலில் அனுப்பிய செய்தி ஒன்று முழுமையாகவே கிடைத்தது.

அத்துணை நீளக் கம்பி கட்ட நிலமில்லாதோர் என் செய்வர்? இரண்டு சிறு கம்பங்களே போதும். கிழக்கு மேற்காக 20 மீட்டர் இடைவெளியில் அவற்றை நடுவோம். நண்பன் கிழக்கே இருக்கின்றான். இரைச்சலோ மேற்கிலிருந்து வருகின்றது. அவ்விரைச்சல் முதலில் மேற்குக் கம்பத்தைத் தொடும். ஒரு வினாடியை ஒன்றரைக் கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறு கழிந்தபின் கிழக்குக் கம்பத்தைத் தொடும். மேற்குக் கம்பத்தின் மின்னோட்டத்தை அதே நேரம் காக்கவைத்தால் இரண்டும் ஒருங்கே வந்து சேரும். காக்கவைக்கும் கருவி யாது? வெறும் 13 மீட்டர் கேபிள்! பாலித்தீன் உறையிட்ட கேபிளில் அலை, வெளியில் செல்லும் வேகத்தில் மூன்றில் இரு பங்கே செல்லும். பின்னர், சிறு டிரான்ஸ்பார்மர் ஒன்றினால் ஒரு மின்னோட்டத்தைத் தலைகீழாக்கிச் சேர்த்தால், இரைச்சல் இரைச்சலையே அழித்துவிடும். கிழக்கிலிருந்து வரும் குறிக்கோ இந்த ஒற்றுமை வாய்ப்பதில்லை. மேற்குக் கம்பத்தை அது பிந்தியே அடைந்து, கேபிளிலும் தாமதிக்கின்றது. ஆகவே அது அழியாமல் எஞ்சும். அலையின் ஏற்ற இறக்க நிலையைக் கட்டம் என்பர். ஆதலின் இதனைக் கட்டம் பொருத்திய ஏரியல் எனலாம்.

இச்சிறு கம்பங்கள் தரும் குறி மிக மெலிந்தது. அதனால் இழப்பொன்றும் இல்லை. 160 மீட்டர் அலைவரிசையில் கருவியின் சொந்த இரைச்சலைவிட, தொலைதூர மின்னல்களும் அண்டை வீட்டு மின்பொறிகளும் எழுப்பும் இரைச்சலே மிகுதி. மெலிந்த குறியைப் பெருக்கிக்கொள்ளலாம். இரைச்சலோடு கலந்துவிட்ட குறியைப் பெருக்கினால் இரைச்சலும் உடன் பெருகும். நண்பன் இருக்கும் திசையிலேயே இடி இடித்தால் மட்டும் இம்முறையும் கைகொடாது!

கேபிளை மேற்குக் கம்பத்தினின்று எடுத்துக் கிழக்குக் கம்பத்தில் மாட்டினால் கேட்கும் திசையும் மாறிவிடும். நான்கு கம்பங்களைச் சதுரமாக நட்டவர்கள், ஒரு சுவிட்சைத் திருப்பியே இரவு முழுதும் திசை திசையாகக் கேட்கின்றனர்.