ரிப்போர்ட் வரும்வரை

(வேதபாடம்: 2 இராஜாக்கள் 20:1-7)



எசேக்கியா ராஜாவுக்குப் பதில் சீக்கிரம் வந்தது. ஏசாயா தீர்க்கதரிசி அரமனை முற்றத்தைத் தாண்டுவதற்குள் கர்த்தர் அவரைத் திருப்பி அனுப்பினார். நமக்கோ நாள் இழுக்கிறது. சிறுநீர்ப்பை கேன்சருக்கு ஆபரேஷன் செய்த சேலையூர் சகோதரர் (அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன்) 10 நாளாகக் காத்திருக்கிறார். "பாஸ்டர், ஆபரேஷனைக்கூட தாங்கிட்டேன், இது முடியல" என்றார்.

ஏன் தாமதம்? எடுத்த சதையை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். கட்டி பையின் தசைவரை இறங்கிவிட்டதா என்பதே முக்கியக் கேள்வி. மேல்சிகிச்சை அதைப் பொறுத்தது. நாள் கூடினால் வியாதி கூடியது என்று அர்த்தமில்லை. (ராத்திரி 2 மணிக்குச் சாத்தான் வேறு அர்த்தம் சொல்வான்!)

சிலர் அவரிடம், "விசுவாசம் இருந்தா நல்ல ரிப்போர்ட்தான் வரும்" என்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். வேறுவிதமாக வந்தால், வியாதியோடு குற்றச்சாட்டையும் அவரே சுமக்க வேண்டும். எசேக்கியா சுவர்ப்பக்கம் திரும்பி அழுதான். கர்த்தர் அந்த அழுகையைக் கடிந்துகொள்ளவில்லை. ஆயுசில் 15 வருஷம் கூட்டிக்கொடுத்தார், அத்திப்பழ அடையும் போடப்பட்டது. 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அடையாறில் தொடங்கிய புற்றுநோய் ஆஸ்பத்திரியையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். ஜெபிக்கிறோம் என்று செக்கப்பை விடக்கூடாது.

அவர் வீட்டுக்குப் போகிறவர்கள், "ரிப்போர்ட் வந்துச்சா?" என்று கேட்க வேண்டாம். கொஞ்ச நேரம் கூட இருந்து ஜெபித்து வாருங்கள். வெள்ளிக்கிழமை அவரோடு நான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். உபவாச ஜெபத்தை மூப்பர்கள் நடத்துவார்கள்.