விசையும் எதிர்விசையும்

டில்லி மாநகரில், ஜான்சி ராணியின் பெயர் தாங்கிய லக்ஷ்மிபாய் நகரின் தெருவொன்றில் காய்கறி விற்பவர் தள்ளுவண்டியைத் தள்ளிச் செல்வதைக் கவனிப்போமாக. அவர் வண்டியை முன்னோக்கித் தள்ளுகிறார். அதே கணத்தில், அதே அளவு விசையுடன் வண்டியும் அவரைப் பின்னோக்கித் தள்ளுகிறது. 1687-ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில் ஐசக் நியூட்டன் மூன்றாம் நியதியாக உரைத்தது இதுவே. கயிறு கட்டிக் கல்லை இழுக்கும் குதிரையை அவர் உதாரணமாகக் காட்டினார். கல்லும் குதிரையை அதே அளவு இழுக்கிறது என்றார்.

இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. இரண்டும் சமமாயின் ஒன்றையொன்று அழித்துவிடாவோ? வண்டி எங்ஙனம் நகரும்? கேள்வி நியாயமானதே. ஆயின் இவ்விரு விசைகளும் ஒரே பொருளின்மீது செயற்படுவன அல்ல. ஒன்று வண்டியின்மீது, மற்றொன்று மனிதர்மீது. வண்டி புறப்படுமா என்றறிய அதன்மீதுள்ள விசைகளை மட்டுமே எண்ணுதல் வேண்டும். அவர் தள்ளுவது சக்கரங்களின் தடையினும் மிகுந்தால் அது புறப்படும்.

மனிதரின் கணக்கு வேறு. அவர் பாதங்களால் தரையைப் பின்னோக்கி உந்துகிறார். தரை அவரை முன்னோக்கி உந்துகிறது. ஆடி மாத மழையில் சேறு படிந்த பாதையில் கால் வழுக்கும்போது அவர்தம் உடல்வலிமை குறைந்துவிடவில்லை; தரை திருப்பித் தரும் உந்தலே குறைந்தது. தரையும் உந்தப்படுகிறதே, பூமி ஏன் அசையவில்லை எனின், அதன் நிறை 6-க்குப்பின் 24 சுழியங்கள் இட்ட கிலோகிராம் அளவினது, அவ்வசைவு அளத்தற்கரியது.

'எதிர்வினை' என்னும் சொல்லைக் கண்டு, வினைப்பயனுக்கு இந்நியதியைச் சான்று காட்டுவாரும் உளர். அது பொருந்தாது. வினைப்பயன் காலம் பார்த்து வரும் என்பர். எதிர்விசையோ விசையுடன் ஒருங்கே தோன்றி ஒருங்கே மறையும். மேலும், வினைக்கு வேர் எண்ணம் என்பது பௌத்தர் கொள்கை. தள்ளுவண்டிக்கு எண்ணமேது?

கற்றோரும் இந்நியதியில் இடறியதுண்டு. வெற்றிடத்தில் உந்துவதற்கு ஏதுமில்லையாகையால் ராக்கெட் அங்கே செல்லாது என்று 1920-இல் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை, ராக்கெட் ஆராய்ச்சியாளர் கோடார்டைக் குறைகூறித் தலையங்கம் எழுதிற்று. ராக்கெட் உந்துவது வெளிக்காற்றை அன்று. தன்னுள்ளிருந்து சீறும் வாயுவையே பின்னோக்கி உந்துகிறது, அவ்வாயு ராக்கெட்டை முன்னோக்கி உந்துகிறது. 1969 ஜூலையில், அப்பல்லோ 11 சந்திரனை நோக்கிச் சென்றுகொண்டிருந்தபோது, அப்பத்திரிகை தன் பிழைக்கு வருத்தம் தெரிவித்தது.