மலையில் பக்கம் மெதுவானால் கேஷ் சர்வரா காரணம்?

தர்மபுரி மாவட்டம் வத்தல்மலையில் காப்பியும் மிளகும் விளைகின்றன. சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கிவிட்ட இடத்தில் நின்று அன்றைய காப்பி விலையைப் பார்ப்பவருக்குப் பக்கம் சீக்கிரம் திறக்க வேண்டும். அதற்கு வழி சொல்லும் மென்பொருள்காரர்களிடம் சில தவறான நம்பிக்கைகள் ஊறிக் கிடக்கின்றன.

நம்பிக்கை: தளத்தின் சர்வர், அடிக்கடி வேண்டிய தகவலை எடுத்துவைக்கும் கேஷ் சர்வரோடு எச்டிடிபியில் பேசுவதை விட்டு, மெம்கேஷ்டு, ரெடிஸ் போன்றவற்றின் எளிய நெறிமுறைக்கு மாறினால் மலையிலும் வேகம் கூடும்.

உண்மை: அந்தப் பேச்சு நடப்பது டேட்டா சென்டருக்குள். மெம்கேஷ்டிடம் கேட்க ‘கெட்’ என்ற சொல், ஓர் இடைவெளி, சாவியின் பெயர், வரிமுடிவு போதும். எச்டிடிபியில் அதே கேள்வி தலைப்பு வரிகளோடு பல நூறு பைட்டுகளாகிவிடலாம். நொடிக்குப் பல்லாயிரம் கேள்விகள் வந்தால் அந்த மிச்சம் நல்ல லாபம்தான். 2003இல் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் லைவ்ஜர்னல் தளத்துக்காக மெம்கேஷ்டை எழுதியதும் நெரிசலைச் சமாளிக்கவே. ஆனால் டேட்டா சென்டருக்குள் ஒருமுறை போய்வரப் பெரும்பாலும் ஒரு மில்லிசெகண்டுகூட ஆகாது. மலையிலிருந்து போய்வர 200 மில்லிசெகண்ட் ஆகிறது என்று வையுங்கள். டிசிபி இணைப்புக்கு ஒரு நடை, டிஎல்எஸ் 1.3க்கு ஒரு நடை, பக்கத்தைக் கேட்க ஒரு நடை: 600 போய்விட்டது. உள்ளே அரை மில்லிசெகண்டை மிச்சப்படுத்துவது மலையில் யாருக்கும் தெரியாது.

அந்த நீண்ட வழியில் கைகொடுப்பது எச்டிடிபிதான். எத்தனை நொடி வைத்துக்கொள்ளலாம் என்று ‘கேஷ்-கன்ட்ரோல்’ வரியில் சொல்லிவிட்டால், அதுவரை போன் தன் சேமிப்பிலிருந்தே பக்கத்தைக் காட்டும். கெடு முடிந்தாலும், பக்கம் மாறாதவரை 304 என்ற சிறு பதில் போதும். கனம் என்று ஒதுக்கப்படும் தலைப்பு வரிகளில்தான் இந்த வசதியே இருக்கிறது.

நம்பிக்கை: உரை வடிவத்தைவிட பைனரி எப்போதும் மேல்.

உண்மை: மெம்கேஷ்டை உருவாக்குபவர்களே அதன் பைனரி நெறிமுறையைக் கைவிட்டு, உரை வடிவ ‘மெட்டா’ கட்டளைகளைப் பரிந்துரைக்கிறார்கள்.

நம்பிக்கை: எளிய நெறிமுறையால் ஆபத்து வராது.

உண்மை: 2018 பிப்ரவரி 28 அன்று கிட்ஹப் தளத்தின் மீது நொடிக்கு 1.35 டெராபிட் வேகத்தில் தாக்குதல் நடந்தது. இணையத்துக்குத் திறந்து கிடந்த மெம்கேஷ்டு சர்வர்களின் யுடிபி வழியைத்தான் அதற்குப் பயன்படுத்தினார்கள். 1.5.6 பதிப்பிலிருந்து அந்த வழி முன்னிருப்பாகவே மூடப்பட்டிருக்கிறது.

மலைக்கிராமங்களுக்காகப் பக்கம் செய்பவர்களே, மெம்கேஷ்டின் 11211 போர்ட்டை வெளியுலகுக்கு மூடுங்கள். ‘கேஷ்-கன்ட்ரோல்’ வரியைச் சரியாக எழுதுங்கள். நெறிமுறையை மாற்றுவது அதற்கப்புறம் இருக்கட்டும்.