மாத்திரையை நிறுத்தச் சொன்னவர்களுக்கு

பெம்பிகஸ் என்கிற தோல் நோய் பற்றித் தெரிந்தவர்களுக்கு என் கதையின் முதல் பாதியும் தெரியும். வாய்ப்புண், கொப்புளம், பயாப்ஸி, அட்மிஷன், தினம் 60 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டு. விடுங்கள்.

கொப்புளம் அடங்க ஆரம்பித்ததும் தூக்கம் போனது. நடு ராத்திரியில் பரணில் கிடந்த பித்தளைப் பாத்திரங்களை எல்லாம் இறக்கி, புளி போட்டுத் தேய்த்தேன். களைப்பே இல்லை. மோதிரத்தைத் திருடிவிட்டாள் என்று வேலைக்கார அம்மாவைத் தெருவே பார்க்கத் திட்டினேன். விரல் வீங்கியதால் நானே கழற்றி அரிசி டப்பாவில் போட்டிருந்த மோதிரம் அது.

"உடம்பு தேறினதும் திமிர் வந்துடுச்சு" என்றார் நாத்தனார். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். எல்லாம் ஸ்டீராய்டு செய்கிற வேலை என்று யாரோ சொன்னதும், நாத்தனாரே மாத்திரை அட்டையைக் குப்பையில் போட்டார். என்னைப் படுக்கையில் தள்ளியது அதுதான். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டால் அட்ரினல் சுரப்பி கார்டிசோல் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். சட்டென்று நிறுத்தினால் மாத்திரையும் இல்லை, சொந்தச் சுரப்பும் இல்லை. வாந்தி, மயக்கம், பிரஷர் இறங்கி எமர்ஜென்சி வார்டு. பின்னாலேயே கொப்புளமும் திரும்பியது.

தோல் டாக்டர்களையும் சும்மா விடமாட்டேன். சர்க்கரை பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், எலும்புக்குக் கால்சியம் கொடுத்தார்கள். "தூங்குறீங்களாம்மா?" என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஸ்டீராய்டு மனதைப் பாதிப்பது புதிய விஷயமா? 1972-லேயே பாஸ்டன் ஆய்வு சொல்லிவிட்டது: பிரெட்னிசோன் தினம் 40 மில்லிகிராம் வரை சாப்பிட்டவர்களில் 1.3 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு, 80-க்கு மேல் போனால் 18.4 சதவீதம்.

மனநல டாக்டரிடம் போனதற்குச் சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். அவர் தோல் டாக்டரிடம் பேசிய பிறகுதான் நோய் எதிர்ப்பை அடக்கும் அசாதியோப்ரின் சேர்த்து, ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்தார்கள். ராத்திரிக்குக் கொஞ்ச நாள் ஓலன்சபின் என்கிற மனநல மாத்திரை. மொத்த ஸ்டீராய்டையும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகே கொடுத்தார்கள். சாயங்கால வேளை மாத்திரை நின்றதுமே தூக்கம் எட்டிப் பார்த்தது.

நீங்கள் மாத்திரை தொடங்கும் அன்றே கூட இருப்பவரிடம் சொல்லிவையுங்கள்: தூக்கம் குறைந்தாலோ, பேச்சு கூடினாலோ, சந்தேகம் வந்தாலோ டாக்டருக்குப் போன். சாகிற பேச்சு வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. நமக்கு அப்போது நாம் சரியாக இருப்பதாகத்தான் தோன்றும். பர்ஸில் 'ஸ்டீராய்டு சாப்பிடுகிறேன், நிறுத்தக் கூடாது' என்று ஒரு சீட்டு இருக்கட்டும். அதே சீட்டை நாத்தனாருக்கும் ஒன்று கொடுத்துவிடுங்கள்.