போதுமா என்பதை மனைவியின் வயது சொல்லும்

ரிட்டயர்மென்டுக்கு ஓராண்டு இருக்கும்போதே கேன்டீனில் பேச்சு ஆரம்பித்துவிடும்: “செட்டில்மென்ட் எவ்வளவு சார் வரும்?” கேட்பவருக்கும் சொல்பவருக்கும் அந்த ஒரு தொகைதான் கண்ணில் நிற்கிறது. பி.எஃப். இவ்வளவு, கிராஜுவிட்டி இவ்வளவு, கூட்டினால் கோடியைத் தாண்டுகிறது, அப்புறம் என்ன கவலை என்று தோன்றும். அந்தத் தொகையை மட்டும் வைத்துக்கொண்டு போதும், போதாது என்று எவராலும் சொல்லிவிட முடியாது. இன்னும் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஒன்று, வீட்டுக்கு வருடத்தில் ஆகும் செலவு. மற்றது, மனைவியின் வயது. இரண்டாவதைப் பல ஆண்கள் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

ஒரு தம்பதியை வைத்துப் பார்ப்போம். கற்பனைதான், ஆனால் அம்பத்தூரிலும் ஒசூரிலும் கோவையிலும் இப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள். கணவருக்கு 58, தனியார் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவு. மனைவிக்கு 53, வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். ஆவடியில் சொந்த ஃப்ளாட், கடன் முடிந்துவிட்டது. மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது, மகன் பெங்களூரில் வேலையில் இருக்கிறான். கையிருப்பு: பி.எஃப். 82 லட்சம், கிராஜுவிட்டி 10, வங்கி டெபாசிட் 35, மியூச்சுவல் ஃபண்ட் 28, எல்.ஐ.சி. முதிர்வு 12, பி.பி.எஃப். 8. மொத்தம் 1 கோடியே 75 லட்சம்.

ஃப்ளாட்டை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பார்கள். குடியிருக்கும் வீடு வாடகையை மிச்சப்படுத்துகிறது, அவ்வளவுதான். அதன் மதிப்பு ஏறினாலும் மளிகைக் கடைக்காரருக்கு அதிலிருந்து பணம் கொடுக்க முடியாது. மனைவியின் நகையும் அப்படித்தான். மைத்துனருக்குக் கைமாற்றாகக் கொடுத்த மூன்று லட்சத்தையும் மறந்துவிடுங்கள். ஊரில் இருக்கும் நிலம்? விற்கத் தயாராக இருந்தால், பங்காளிகள் கையெழுத்துப் போடுவார்கள் என்றால், சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போது செலவு. “மாசம் நாற்பது, நாற்பத்தஞ்சு ஆகும்” என்று வாயால் சொல்வதை நம்பாதீர்கள். கடைசி ஒரு வருடத்து வங்கி ஸ்டேட்மென்டை எடுத்து, ஜிபேயில் போனது உட்பட, இருவருமாக உட்கார்ந்து வரிவரியாகப் பாருங்கள். பால், கேஸ், மருந்துக்கடை, அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸ், வேலைக்கு வரும் அம்மாவின் சம்பளம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரன்ட் பில் எல்லாம் எளிதில் அகப்படும். நழுவிப்போவது வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை வருகிற பெரிய செலவுகள்: சொத்து வரி, வண்டி இன்சூரன்ஸ், மருத்துவக் காப்பீட்டு பிரீமியம், தீபாவளி, குலதெய்வம் கோயில் பயணம், பல் டாக்டர், நாலு வருடத்துக்கு ஒருமுறை பெயின்ட். கூடவே மொய். வேலையிலிருந்து ஓய்வு பெறலாம். மொய்யிலிருந்து யாரும் ஓய்வு தருவதில்லை. வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்ய வேண்டிய காலம் பெரும்பாலும் அறுபதுக்கு மேல்தான் வருகிறது. பேத்தி பிறந்தால் சீர் வேறு.

நம் தம்பதிக்கு மாதாந்தரச் செலவு 45,000. வருடச் செலவுகள் 1 லட்சத்து 80 ஆயிரம், அதாவது மாதத்துக்கு 15,000. ஆக 60,000. அவர்கள் வாயால் சொன்னதற்கும் ஸ்டேட்மென்ட் காட்டியதற்கும் இடையிலுள்ள இந்த 15,000-தான் பல வீடுகளில் கணக்கைக் கவிழ்க்கிறது.

இதில் பென்ஷன் எவ்வளவு தாங்கும்? பி.எஃப். அலுவலகம் தரும் இ.பி.எஸ். பென்ஷனைப் பற்றிப் பலருக்கும் மிகையான எதிர்பார்ப்பு இருக்கிறது. சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும்; ஆனால் அந்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2014 செப்டம்பர் முதல் அது 15,000 ரூபாய், அதற்கு முந்தைய சேவைக்கு 6,500. உயர் பென்ஷனுக்கு விருப்பம் கொடுத்து அது ஏற்கப்பட்டவர்களைத் தவிர மற்றவர்களுக்கு, கடைசிச் சம்பளம் லட்ச ரூபாயாக இருந்தாலும் கணக்கு இதுதான். 29 ஆண்டு சேவைக்கு நம்மவருக்கு நாலாயிரத்துச் சொச்சம் வரும். விலைவாசியோடு அது ஏறவும் ஏறாது. அவருக்குப் பிறகு மனைவிக்குக் கிடைப்பது அதில் பாதி. 4,000 என்று வைத்துக்கொண்டால் சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டியது மாதம் 56,000, வருடத்துக்கு 6 லட்சத்து 72 ஆயிரம்.

கையிருப்பில் 15 லட்சத்தை ஆஸ்பத்திரிக்கென்று தனியே வைத்துவிடுவோம். மிச்சம் 1 கோடியே 60 லட்சம்.

வருடச் செலவைப்போல் 25 மடங்கு இருந்தால் போதும் என்று ஒரு விதி எல்லா இடத்திலும் சுற்றுகிறது. இதன் வேர் வில்லியம் பெங்கன் என்ற கலிஃபோர்னியா நிதி ஆலோசகர் 1994-ல் எழுதிய கட்டுரை. அமெரிக்கப் பங்குகள், பத்திரங்களின் பழைய வருமானத்தை வைத்து, முப்பது ஆண்டு ஓய்வுக்காலத்துக்குப் போட்ட கணக்கு அது. அதன்படி நம் தம்பதிக்குத் தேவை 1 கோடியே 68 லட்சம், கிட்டத்தட்ட தொட்டுவிட்டார்கள். கணவர் தன் 80 வயது வரை மட்டும் பார்த்தால் இன்னும் நிம்மதி: 22 வருடம், பெருக்கினால் ஒன்றரைக் கோடிக்கும் கீழே. “போதும்பா” என்று சொல்லி பிரிவுபசார விழாவுக்குச் சட்டை தைக்கக் கொடுத்துவிடுவார்.

ஆனால் மனைவிக்கு 53. பெண்கள் ஆண்களைவிடக் கூடுதலாக வாழ்கிறார்கள் என்பது உலகெங்கும் பார்த்தது. அவர் 90 வரை இருப்பார் என்று வைப்பதே பொறுப்பான கணக்கு. அப்படியானால் பணம் ஓட வேண்டியது 37 வருடம். கணவர் போன பிறகு செலவு பாதியாகும் என்றும் நினைக்கக் கூடாது. மெயின்டனன்ஸ், சொத்து வரி, வேலையாள், கரன்ட் எதுவும் ஆள் குறைந்தால் குறையாது. துணைக்கு ஒருவரை வைத்தால் ஏறத்தான் செய்யும்.

37 வருடத்துக்கு எவ்வளவு வேண்டும் என்பதை ஒரு துண்டுத்தாளில் போட்டுவிடலாம். வரி போக உங்கள் பணம் வளரும் வேகமும் விலைவாசி ஏறும் வேகமும் சமம் என்றால், வருடச் செலவை ஆண்டுகளால் பெருக்கினால் போதும்: 6.72 லட்சம் பெருக்கல் 37, சுமார் 2 கோடியே 49 லட்சம். வருமானம் விலைவாசியைவிட ஒரு சதவீதம் முந்தினால் 2 கோடியே 9 லட்சம். இரண்டு சதவீதம் முந்தினால் 1 கோடியே 78 லட்சம். எல்லாப் பணத்தையும் வங்கி டெபாசிட்டில் போடுபவர் இரண்டு சதவீதத்தை எதிர்பார்க்கக் கூடாது.

இதைச் சொன்னால் வரும் பதிலும் தெரிந்ததே: “ஏழு சதவீத வட்டிக்குப் போட்டாலே மாசம் 93,000 வருதே, நமக்கு வேண்டியது 56,000தானே?” இங்கேதான் ஏமாறுகிறோம். வட்டி 7 சதவீதம், விலைவாசி வருடத்துக்கு 6 சதவீதம் என்று வைத்து வருடவாரியாகப் போட்டுப் பாருங்கள். முதல் பதினோரு வருடம் கையிருப்பு ஏறிக்கொண்டே போகும். 1 கோடியே 88 லட்சம் வரை தொடும். கணவருக்கு அப்போது 69 வயது. “செலவு பண்ணியும் பணம் வளருது பார்” என்று பாஸ்புக்கை எடுத்துக் காட்டுவார். மகன் கார் வாங்கப் பத்து லட்சம் கேட்டால் கொடுத்தும் விடுவார். அதற்குப் பிறகு இறங்கத் தொடங்கும், முதலில் மெல்ல, பிறகு மளமளவென்று. 27-வது வருடம் கணக்கு காலி. மனைவிக்கு அப்போது வயது 80. பென்ஷன் ஏறாது என்பதையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் முன்னதாகவே.

6 சதவீதத்தில் செலவு 12 வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். இன்றைய 60,000 மனைவியின் 65-ல் 1 லட்சத்து 20 ஆயிரம், 77-ல் 2 லட்சத்து 40 ஆயிரம். மிகை என்று தோன்றினால் நீங்கள் வேலைக்குச் சேர்ந்த வருடம் வாங்கிய முதல் சம்பளத்தையும் அன்றைய வீட்டு வாடகையையும் நினைத்துப் பாருங்கள்.

ஆக, இந்தத் தம்பதிக்குப் போதவில்லை. பயப்பட வேண்டிய அளவு பற்றாக்குறையும் இல்லை. அதே 7, 6 சதவீதக் கணக்கில் மாதச் செலவில் 8,000 குறைத்தால் பணம் மனைவியின் 85 வரை வரும். கணவர் இன்னும் மூன்று வருடம் ஏதாவது வேலை பார்த்து வீட்டுச் செலவை மட்டும் ஈட்டினால், சேமிப்பைத் தொடாமல் விட்டால், 83 தாண்டும். இரண்டையும் செய்தால் 89. அந்த மூன்று வருட வேலை பழைய சம்பளத்தில் இருக்க வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். ஒப்பந்த அடிப்படையில், வாரத்தில் நாலு நாள், பாதிச் சம்பளத்தில் கிடைத்தாலும் கணக்கு தேறிவிடும். முப்பது வருடம் மெஷின் பார்த்தவருக்கு ஆடிட், பயிற்சி, சின்ன யூனிட்டுகளுக்கு ஆலோசனை என்று அது கிடைக்கக்கூடியதும்தான். குறைக்க வேண்டிய 8,000-ஐ மருந்திலும் சாப்பாட்டிலும் கை வைக்காமல் இரண்டாவது வண்டியிலும் யாரும் பார்க்காத ஓ.டி.டி. சந்தாக்களிலும் தேடுங்கள். மொய்யில் குறைப்பது உங்கள் துணிச்சலைப் பொறுத்தது.

பணத்தை எங்கே வைப்பது என்பதில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் முதலிடம். ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 2023 ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதமாக்கப்பட்டது, அந்த விகிதத்தில் 30 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். போடும் நாளில் உள்ள வட்டி ஐந்து வருடத்துக்கும் மாறாது. பொதுவாக 60 வயது வேண்டும். 55 தாண்டி ஓய்வு பெற்றவர், ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட்டால் ஏற்பார்கள். இந்த மூன்று மாதத்தைக் கோட்டைவிட்டு 60 வரை காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். மனைவி தன் பெயரில் தொடங்க 60 ஆக வேண்டும். வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் காப்பீடு என்பதால் சிறிய வங்கிகளில் அதற்கு மேல் குவிக்காதீர்கள். மியூச்சுவல் ஃபண்டில் இருக்கும் 28 லட்சத்தை ஓய்வு பெற்ற அன்றே விற்றுவிடவும் வேண்டாம்; பத்து வருடம் கழித்துத் தேவைப்படும் பணத்துக்கு விலைவாசியை முந்தும் வாய்ப்பு அங்கேதான் கூடுதல்.

மாதம் பத்து சதவீதம், இருபது சதவீதம் என்று யாராவது வந்தால், அவர் உங்கள் பழைய சூப்பர்வைசராகவே இருந்தாலும், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஆருத்ரா நிதி நிறுவன மோசடி வழக்கு 2022-ல் வெளிவந்தபோது புகார் கொடுக்க நின்றவர்களில் ஓய்வுப் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டியவர்களும் இருந்தார்கள்.

மருத்துவக் காப்பீட்டை வேலையில் இருக்கும்போதே எடுங்கள். கம்பெனி கொடுத்த குரூப் பாலிசி பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். புதிதாக எடுப்பதில் ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மூன்று வருடம் வரை காத்திருப்புக்காலம் இருக்கலாம். 55-ல் எடுத்தால் 58-ல் அது முடிந்திருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பது சின்ன ஆறுதல்.

கணக்கு மனைவியின் வயதை வைத்து என்றால், கணக்குப்பிள்ளை வேலையும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். டெபாசிட்டுகளை இருவர் பெயரிலும், ‘எய்தர் ஆர் சர்வைவர்’ என்ற முறையில் மாற்றுங்கள். பி.எஃப்.-இலும் ஃபண்டிலும் நாமினி பெயர் இன்னும் உங்கள் அம்மாவின் பெயராகவே இருக்கிறதா என்று பாருங்கள். கல்யாணத்துக்கு முன் நிரப்பிய படிவம் அப்படியே கிடக்கும். நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர், உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. அதனால் உயிலும் தேவை. ஒரு மாதம் வீட்டின் எல்லாப் பணத்தையும் அவர் கையாளட்டும்: கரன்ட் பில், பிரீமியம், டெபாசிட் புதுப்பித்தல், வங்கி மேனேஜரிடம் பேசுவது எல்லாமே. எங்கே தடுமாறுகிறார் என்று நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே தெரிந்துவிடும்.

கணக்கு போட்டுப் பார்த்துப் பணி நீட்டிப்போ ஒப்பந்த வேலையோ தேவை என்று தெரிந்தால், பிரிவுபசாரத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது எச்.ஆர்.-இடம் போய் நிற்காதீர்கள். அதற்குள் உங்கள் இடத்துக்கு ஆள் எடுத்து முடித்திருப்பார்கள். ஓராண்டுக்கு முன்பே, எழுத்தில், கேளுங்கள்.