நீலக் கயிறு யானையைக் கட்டுமா?

சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் நாள், எங்கள் வீட்டுப் பின்புறத்துப் பலாமரத்தில் டயர் ஊஞ்சல் கட்டினோம். பேராதனையைத் தாண்டி கம்பளை வீதியில், மலைச்சரிவில் இருக்கிறது வீடு. இரண்டு வருடமாகத் தகரக் கூரையில் தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்த நீலக் கயிற்றைத்தான் அவிழ்த்து எடுத்தோம். "நைலோன் தம்பி, யானையையே கட்டலாம்" என்றார் லொறி ஓட்டும் மாமா. மறுநாள் மத்தியானம் தங்கச்சியின் மகன் ஆடிக்கொண்டிருக்கும்போதே கயிறு அறுந்தது. மேட்டுப் பக்கம் விழுந்தான். முழங்கைத் தோல் உரிந்ததோடு போயிற்று. பள்ளத்துப் பக்கம் வீசும்போது அறுந்திருந்தால் என்று நினைக்க இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

அறுந்த நுனியைக் கையில் எடுத்தேன். உள்ளங்கையில் நீலத் தூள் ஒட்டியது. வெளிப்புரி வெளுத்துப்போய், நகத்தால் கீறினால் வைக்கோல் மாதிரி முறிந்தது. புரியைத் திருகி விரித்துப் பார்த்தால், உள்ளே கடையில் வாங்கிய அன்றைய நீலம் அப்படியே இருந்தது.

முதல் பிழை பெயரிலேயே தொடங்குகிறது. ஹாட்வெயார் கடையில் நாம் நைலோன் என்று கேட்டு வாங்கும் நீல, பச்சைக் கயிறுகளில் பெரும்பாலானவை பொலிப்ரொப்பிலீன். ஒரு துண்டை வெட்டி வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் அது நைலோன் இல்லை. நைலோனும் பொலியெஸ்டரும் தாழ்ந்துவிடும். இந்த வித்தியாசத்தில்தான் எல்லாம் இருக்கிறது. நைலோன் ரப்பர் போல நீண்டு அதிர்ச்சியைத் தாங்கும். ஆனால் நனைந்தால் பத்து, பதினைந்து சதவீத வலு குறையும். பொலியெஸ்டர் அவ்வளவு நீளாது, வெயிலை நன்றாகத் தாங்கும். மூன்றிலும் வெயிலுக்குச் சீக்கிரம் தோற்பது மிதக்கிற கயிறுதான்.

"செயற்கைக் கயிறு அழுகாது, ஆகவே ஆயுளுக்கும் வரும்" என்ற நம்பிக்கை எங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. அழுகாது என்பது சரிதான். தும்புக்கயிறு ஈரத்தில் உளுத்தால் மணக்கும், கறுக்கும், தொட்டாலே தெரியும். செயற்கை நாரைக் கெடுப்பது வெயிலின் புறஊதாக் கதிர், அது சத்தமில்லாமல் நாரின் இழைகளைத் துண்டு துண்டாக்குகிறது. "அதெல்லாம் கடலோரத்து வெயிலுக்கு, கண்டிக் குளிருக்கு ஒன்றும் ஆகாது" என்று மாமா இன்னும் சொல்கிறார். கெடுப்பது சூடல்ல, கதிர். உயரம் 1000 மீற்றர் கூடினால் அந்தக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். கண்டி கிட்டத்தட்ட 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1868 மீற்றர். ஏப்ரல் தொடக்கத்தில் நண்பகல் சூரியன் கண்டியில் நேர் உச்சிக்கே வந்து நிற்கிறது. காற்று குளிர்ந்திருப்பதால் அது நமக்கு உறைப்பதில்லை, அவ்வளவுதான்.

பருமனான கயிறு பலமான கயிறு என்ற எண்ணத்தில் பாதி உண்மை உண்டு. வெளிப்புரி தான் எரிந்து உள்புரிக்கு நிழல் கொடுக்கும், அதனால் பருத்த கயிறு வெயிலில் கூடுதல் காலம் நிற்கும். ஆனால் எந்த நார் என்பதுதான் முதல் கேள்வி. இதைத் தெளிவாகக் காட்டுவது பாய்மரப் படகு. 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்த வல்வெட்டித்துறைக் கப்பல் அன்னபூரணி அம்மாளில் ஒரு முழம் நைலோன்கூட இருந்திருக்க வழியில்லை. நைலோன் கயிறு அப்போது சந்தைக்கே வரவில்லை. இன்றைக்குப் பல படகுகளில் பாய்மரத்தை நிமிர்த்திப் பிடித்திருப்பது உருக்குக் கம்பிகூட இல்லை, டைனீமா என்ற நார்க்கயிறு. 6 மில்லிமீற்றர் துருவேறா உருக்குக் கம்பிவடம் 3 தொன்னுக்குச் சற்றுக் குறைவான இழுப்பில் அறும். அதே பருமன் டைனீமா அதற்கு மேலும் தாங்கும். எடையோ கம்பியில் ஏழில் ஒரு பங்குகூட வராது. கம்பிதான் எப்போதும் பலம் என்று நினைப்பவர்கள் இதை நம்பவே மாட்டார்கள். ஆனால் டைனீமாவுக்கும் பலவீனங்கள் உண்டு. சுமார் 150 பாகை செல்சியசில் உருகிவிடும். ஓயாத இழுவையில் நாள்பட நீளும். வழுவழுப்பில் சாதாரண முடிச்சு நழுவிவிடும். ஆகவே படகுக்காரர்கள் முடிச்சே போடாமல் நுனியைக் கயிற்றுக்குள்ளேயே செருகிப் பின்னி வளையம் எடுக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை, அறுவதற்கு முன்பே, கழற்றி மாற்றிவிடுகிறார்கள்.

முடிச்சைப் பற்றி நாம் கொஞ்சமும் யோசிப்பதில்லை. இறுக்கி இரண்டு முடிச்சுப் போட்டால் பலம் கூடும் என்றுதான் நினைக்கிறோம். முடிச்சு வளைகிற இடத்தில் வெளிப்பக்க நார்தான் அதிகம் இழுபடும். கயிற்றின் பலத்தில் மூன்றில் ஒன்றிலிருந்து பாதிவரை அங்கேயே போய்விடும்.

எங்கள் ஊஞ்சலைக் கணக்குப் பார்த்தேன். 8 மில்லிமீற்றர் பொலிப்ரொப்பிலீன் புதிதாக இருக்கையில் ஏறக்குறைய 1 தொன் தாங்கும். முடிச்சில் பாதி போனால் 500 கிலோ. வெயில் இன்னொரு பாதியைத் தின்றிருந்தால் 250. இனி ஆளின் பக்கம். ஊஞ்சலை 60 பாகைக்கு இழுத்து விட்டால், அடியில் வரும்போது கயிற்றில் இருமடங்கு எடை விழும். கிளை மட்டத்துக்கே தூக்கி விட்டால் மும்மடங்கு. பெரிய பையன்கள் இரண்டு பேர், டயரோடு 90 கிலோ என்று வைத்தால் 270. மரக்கிளையில் உராய்ந்து தேய்ந்ததை நான் இதில் சேர்க்கவே இல்லை. யானையைக் கட்டலாம் என்ற பேச்சு கடையில் சுருளாகத் தொங்கும் கயிற்றுக்குத்தான் கொஞ்சமாவது பொருந்தும். ஆளைத் தூக்கும் கயிற்றுக்கு, அறும் எடையில் பத்தில் ஒன்றுக்கு மேல் ஏற்றாதீர்கள்.

இந்த வருடம் 12 மில்லிமீற்றர் பொலியெஸ்டர் வாங்கினோம். கிளை உராயும் இடத்தில் பழைய ரப்பர் குழாயைக் கீறிச் சுற்றியிருக்கிறோம். விடுமுறை முடிந்ததும் கழற்றி அரிசிச் சாக்கில் போட்டு வீட்டுக்குள் வைத்துவிடுவோம். பழைய நீலக் கயிறு குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கட்ட உதவுகிறது. தங்கச்சியின் மகன் இப்போது டயரில் ஏறுமுன் கயிற்றைத் திருகி விரித்து, உள்ளும் வெளியும் ஒரே நிறமா என்று பார்க்கிறான்.